மஞ்சள் கம்பியும் வாத்து வேட்டையும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. ஆய்வேட்டின் கடைசி இரண்டு இயல்களைச் செம்பூரில் எங்கள் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் படுத்திருக்கும் அறையில்தான் என் மேசையும் மானிட்டரும் இருக்கின்றன.

வலக்கை விரல்களுக்கு நாள்தோறும் வேலை கொடுக்க வேண்டும் என்று இயன்முறை மருத்துவர் சொல்லியிருந்தார். ரப்பர் பந்தை இரண்டு நாளில் அப்பா வெறுத்துவிட்டார். மூன்றாம் நாள், "அந்த வாத்து சுடுற துப்பாக்கி இருக்காம்மா?" என்று கேட்டார். 1998இல் லேமிங்டன் சாலையில் அவர் வாங்கித் தந்த வீடியோ கேம் அது. நிண்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த எண்ணற்ற நகல்களுள் ஒன்று. பரணில் பத்திரமாக இருந்தது. எங்கள் பழைய தொலைக்காட்சிதான் இல்லை. அது காயலான் கடைக்குப் போய்ப் பல ஆண்டுகளாகிவிட்டன.

மானிட்டரில் இணைத்துவிடலாம் என்று எளிதாக எண்ணினேன். ஒரு முனையில் மஞ்சள், வெள்ளைச் செருகிகளும் மறுமுனையில் விஜிஏ செருகியும் கொண்ட கம்பி ஒன்றை வாங்கினேன். திரையில் எதுவும் வரவில்லை. பிறகுதான் படித்து அறிந்தேன். மஞ்சள் கம்பியில் ஒளி, நிறம், ஒத்திசைவுக் குறிப்பு மூன்றும் கலந்து ஒரே இழையில் வருகின்றன. நொடிக்கு ஏறத்தாழ 15,600 கிடைக்கோடுகள். விஜிஏவோ சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைத் தனித்தனி இழைகளில் கேட்கிறது. நொடிக்கு 31,500 கோடுகளேனும் எதிர்பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். வெறும் கம்பி மொழிபெயர்க்காது.

அடுத்து வாங்கிய மாற்றுப்பெட்டி எதிர்த்திசையில் மாற்றுவது. எச்டிஎம்ஐயை ஏவி ஆக்குவது. பெட்டியின் மீதிருந்த அம்புக்குறியை நான் கவனிக்கவில்லை. மூன்றாவது முயற்சியில் ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டி வந்தது. அதற்கு 5 வோல்ட் மின்சாரம் தனியே கொடுத்தேன். மானிட்டரில் ஒலிபெருக்கி இல்லாததால் ஒலியை வெள்ளைச் செருகியிலிருந்து பழைய ஸ்பீக்கருக்குத் திருப்பினேன். அகலத் திரையில் வாத்துகள் பூசணிக்காய்களாய்ப் பருத்துத் தெரிந்தன. மானிட்டரின் அமைப்பில் 4:3 விகிதத்தைத் தேர்ந்ததும் மெலிந்தன. அப்பா சிரித்தார். நான்கு மாதங்களில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

துப்பாக்கியை இடக்கையால் தாங்கி, வலக்கையின் சுட்டுவிரலால் மெல்ல அழுத்தினார். வாத்து விழவில்லை. மறுபடியும் அழுத்தினார். பத்துச் சுற்றுகள். ஒன்றுகூட விழவில்லை. புதரிலிருந்து அந்த நாய் எழுந்து சிரித்தது. துப்பாக்கியை மடியில் வைத்துவிட்டு, "கை போயிடுச்சும்மா" என்றார்.

நான் வாங்கித் திரையில் வாத்தின் மேலேயே குழலை வைத்துச் சுட்டேன். எனக்கும் விழவில்லை.

காரணம் அவர் கையில் இல்லை. 1984இல் வெளிவந்த டக் ஹன்ட் விளையாட்டில் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, அது பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருளும். விளக்கை நோக்கிச் சுட்டு ஏமாற்றுவதைத் தடுக்க அந்த இருள். மறுகணம் வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெண்மையை அக்கணமே கண்டால் வாத்து விழும். பழைய படக்குழாய்த் திரை குறிப்பு வந்த மாத்திரத்தில் ஒளிரும். மாற்றுப்பெட்டியும் எல்சிடி திரையும் படத்தை வாங்கி, அளவு மாற்றி, பின்னரே காட்டுகின்றன. நம் கண்ணுக்குப் புலப்படாத அந்தத் தாமதத்திற்குள் விளையாட்டு, 'குறி தவறியது' என்று தீர்ப்பெழுதி முடித்துவிடுகிறது.

இதை நான் முன்பே அறிந்திருக்க வேண்டும். என் ஆய்வுக்கான நாளிதழ்கள் நுண்படச் சுருள்களில் உள்ளன. ஓர் ஆவணக்காப்பகத்தில் சுருள்கள் நலமாயிருந்தும் வாசிப்புக் கருவி பழுதானதால் மூன்று வாரம் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். சுருள் இருப்பதாலேயே ஆவணம் இருக்கிறது என்றாகாது என்பதை அங்கே கற்றேன். அப்பாவின் துப்பாக்கிக்கும் அது பொருந்தும் என்று தோன்றவில்லை. திரை மாறினால் திறமையுள்ள கையும் தோற்றதாகப் பதிவாகும்.

எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "என் மனசு ஆறணும்னு சொல்றே" என்றார்.

இனிச் சொல்லிப் பயனில்லை, காட்டத்தான் வேண்டும். மும்பையில் இருக்கும் நண்பர்களே, ஓடுகிற நிலையில் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி யார் வீட்டிலாவது இருந்தால் தெரிவியுங்கள். 14 அங்குலம் போதும். ஏவி துளை இருக்க வேண்டும். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். அப்பாவின் கையால் ஒரு வாத்தாவது விழ வேண்டும்.