கூட நடந்தால் போதும்

தற்கொலை நடந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு கேள்வியோடுதான் போகிறார்கள். "என்னதான் காரணம்?" கடனா, காதலா, வீட்டில் சண்டையா? நேரில் கேட்கக் கூசுகிறவர்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் கேட்டுக்கொள்கிறார்கள். ஏற்கெனவே போலீஸ் கேட்டிருக்கும், ஆஸ்பத்திரியில் கேட்டிருப்பார்கள். போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் வீடு வந்தால் அழக்கூட நேரம் தராமல் எடுத்துவிடுவார்கள்.

இது எங்கோ நடக்கிற சங்கதி இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் இந்தியாவில் லட்சம் பேருக்கு 12.4 தற்கொலை என்றால், எங்கள் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 29.7. அதில் காரைக்கால் ஒரு சின்ன மூலை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதனாலேயே யாரிடமும் வாய் திறக்க முடியாது.

உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். வீட்டாரைத் தண்டிக்கிற வேலையை ஊர் இன்னும் விடவில்லை.

எங்கள் தெருவில் மகனைப் பறிகொடுத்த ஒரு பெண், கணவனை அப்படியே இழந்த இன்னொருத்தி. இருவரையும் சாயங்காலம் கடற்கரைக்கு அழைத்துப் போவேன். அரசலாறு கடலில் கலக்கிற இடம் வரை நடை. பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒருநாள் அடப்பங்கொடி படர்ந்த மணலில் ஒரு நண்டு வளையிலிருந்து மண்ணை அள்ளி அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "அன்னிக்குக் காலையில ரெண்டு தோசை கேட்டு வாங்கித் தின்னான் பெரியம்மா" என்றாள் முதலாமவள். மற்றவள், "எங்க வீட்லயும் அப்படித்தான்க்கா. சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுன்னார்" என்றாள். கூடத்தில் எதிரெதிரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தால் இது வந்திருக்காது. முகத்தைப் பார்க்க வேண்டாம், பேச்சு நின்றால் கால் நடந்துகொண்டிருக்கும், அழுகை வந்தால் நாலடி பின்தங்கலாம்.

ஆவணியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். தண்ணீர் கொடுப்போம், மோர் கொடுப்போம். என்ன வேண்டுதல் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த நாகரிகம் நமக்குத் தெரியாததல்ல. செப்டம்பர் 8 திருவிழா முடிந்து இரண்டாம் நாள், 10ஆம் தேதி, உலகத் தற்கொலைத் தடுப்பு தினம். 2003 முதல் அனுசரிக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் 'தடுப்போம்' என்ற பேனருக்குக் கீழே இந்தப் பெண்களால் உட்கார முடியாது. நீ ஏன் தடுக்கவில்லை என்றுதான் அது அவர்கள் காதில் விழும்.

அமெரிக்காவில் இவர்களுக்கென்றே தனி நாள் உண்டு. தந்தையை இவ்விதம் இழந்த செனட்டர் ஹாரி ரீட் கொண்டுவந்த தீர்மானத்தால் 1999இல் வந்தது, நவம்பரில் ஒரு சனிக்கிழமை. அங்கே கூட்டமாக நடக்கிறவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. நமக்கு அவ்வளவு கூட்டம் வேண்டாம், ஆறேழு பேர் போதும். போட்டோ கூடாது, வாட்ஸ்அப் குரூப் கூடாது, 'எல்லாம் விதி' என்று ஆறுதல் சொல்ல வருகிறவர் முக்கியமாகக் கூடாது.

இன்னொன்றும் கவனம் வேண்டும். இப்படி இழந்தவர்களுக்கே அந்த எண்ணம் வருகிற அபாயம் மற்றவர்களைவிட அதிகம். "நானும் போயிடலாம்னு இருக்கு" என்று ஒருத்தி சொன்னால் அன்றைக்கு அவளைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அரசின் டெலி மானஸ் 14416 இருக்கிறது. சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா இருக்கிறது, 044-24640050. கூட இருந்து போன் போட்டுக் கொடுங்கள்.

ஆண்களை வரவழைப்பதுதான் பெரும்பாடு. நடைக்கு வாங்க என்றால் முழங்கால் வலி என்பார்கள். ஏலத்தில் இன்றைக்கு என்ன மீன் என்று பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டுப் பாருங்கள், சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.