வெறும் வயிற்றின் வேலை

மே 12
வயிற்று டாக்டர் என் பழைய சீட்டுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, "இந்த கேஸ் மாத்திரையை எப்போ நிறுத்தச் சொன்னாங்கம்மா?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். நிறுத்தச் சொன்னவர் யாருமில்லை. காலையில் எழுந்ததும் பேன்டோப்ரசோல் போடுவது எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பல் தேய்ப்பதோடு சேர்ந்த காரியம்.

ரத்தத்தில் பி12 குறைவு, ஃபோலேட் அதிகம். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம். கூடவே ஃபோலேட் ஏறியிருப்பதுதான் அவருக்குச் சந்தேகம். சிறுகுடலில் பாக்டீரியா பெருகினால் நமக்கு வர வேண்டிய பி12-ஐ அவை எடுத்துக்கொள்ளும், ஃபோலேட்டைத் தயாரித்து விடும். சாப்பிட்டு எழுவதற்குள் வயிறு உப்பிக்கொள்வதற்கும் அவைதான் காரணமாக இருக்கலாம் என்றார்.

மே 13
நேற்றுக் கேட்டதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பெருங்குடலில் ஒரு கிராம் கழிவில் பத்தாயிரம் கோடி பாக்டீரியா இருக்கும். அது அவற்றின் வீடு. சிறுகுடலின் மேல்பகுதியில் ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரம்கூட இருப்பதில்லை. வயிற்று அமிலம், பித்தநீர், இரண்டு குடலும் சேரும் இடத்தில் உள்ள வால்வு என்று காவல் பல. எல்லாவற்றிலும் முக்கியம் குடலின் அசைவு. வயிறு காலியாக இருக்கும்போது 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை மேலிருந்து கீழாக ஓர் அலை ஓடி, மிச்சம் மீதியைத் தள்ளிக்கொண்டு போகும். பசியில் வயிறு இரைகிறதே, அதில் இந்த அலையின் சத்தமும் உண்டு. 1969-இல் சுர்செவ்ஸ்கி என்ற ஆய்வாளர் இதை நாய்களிடம் பதிவு செய்தார். 1977-இல் பெல்ஜியத்தின் வான்ட்ராப்பன் குழுவினர், அலை வராத நோயாளிகளின் சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருப்பதைக் காட்டினார்கள்.

ஒரு வாய் முறுக்கு உள்ளே போனாலும் அலை நின்றுவிடும். பதினொரு மணிக் காபி, நாலு மணிப் பலகாரம், படுக்கும்முன் ஒரு டம்ளர் பால் என்று இருக்கும் நம் வீடுகளில் அது எப்போதுதான் ஓடும்? போதாததற்கு, பல வருடச் சர்க்கரை குடலின் நரம்புகளையும் மந்தமாக்கிவிடுகிறது.

மே 19
மூச்சுப் பரிசோதனை. முந்தின நாள் முழுக்க வெறும் சோறு, இரவு முழுக்கப் பட்டினி. வழக்கமாகக் குளுக்கோஸ் தருவார்களாம். சர்க்கரை நோய் என்பதால் எனக்கு லாக்டுலோஸ். மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் விற்கும் அதே சிரப்தான்! அதைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரத்துக்கொரு தடவை பையில் ஊத வேண்டும். மனித உடம்பு ஹைட்ரஜன் தயாரிப்பதில்லை, பாக்டீரியாதான் தயாரிக்கும். 90 நிமிடத்துக்குள் அது பத்து லட்சத்தில் 20 பங்கு கூடினால் பெருக்கம் என்று கணக்கு. எனக்குக் கூடியிருந்தது. குடல் வேகமாக ஓடுகிறவர்களுக்கு லாக்டுலோஸ் சீக்கிரமே பெருங்குடலுக்குப் போய்ப் பொய்க்கணக்குக் காட்டும் என்பதால் டாக்டர் இந்த முடிவுத் தாளை மட்டுமே நம்பிவிடவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

மீத்தேன் வந்திருந்தால் வைத்தியம் வேறு. அதைத் தயாரிப்பவை பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற தனி இனம். அவை பெருகினால் பெரும்பாலும் மலச்சிக்கலும் இருக்கும்.

மே 21
ரிஃபாக்ஸிமின், இரண்டு வாரம். குடலிலேயே வேலை செய்து முடித்துவிடும் ஆன்டிபயாட்டிக்; ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். விலைதான் சொற்பமில்லை.

ஜூன் 8
வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, பால் ஆகியவற்றைச் சில வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறை. "உங்க வீட்ல தினமும் அமாவாசையா மதினி?" என்று கேட்டுவிட்டுப் போனாள் நாத்தனார். மிளகு, சீரகம், பெருங்காயம் போட்ட ரசம் ஒத்துக்கொள்கிறது. பூண்டில் வாயுவைக் கிளப்பும் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் பூண்டைப் பொரித்து எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் மட்டும் வரும். இந்தச் சாப்பாடு உப்புசத்தைத் தணிக்கும், பாக்டீரியாவை விரட்டாது. ஆயுள் முழுக்க இப்படியே சாப்பிடுவது தவறு.

ஜூன் 20
சிறுகுடல் பாக்டீரியாவைப் பற்றிப் படித்ததில் ஒன்று: 1960-களில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோய் கொள்ளைநோயாகப் பரவியது. அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மத்தானும் அதை ஆராய்ந்தார்கள். ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்தான் அதற்கு மருந்து. நோயில்லாத கிராமத்தாரின் சிறுகுடலிலும் மேலைநாட்டாரைவிட அதிக பாக்டீரியா இருந்ததை அங்கே கண்டார்கள். அதனால் வெறும் எண்ணிக்கைக்கு வைத்தியம் செய்யக் கூடாது என்பது என் கட்சி.

ஜூலை 3
உப்புசம் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. பி12 ஊசி தொடர்கிறது. சாப்பாட்டுக்கு நடுவே நாலு மணி நேரம் ஒன்றும் தொடுவதில்லை. தாழ்சர்க்கரை வரக்கூடியவர்கள் இதை டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. கேஸ் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தியாயிற்று. வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்களுக்கு அது தேவை, அவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

ரோமில் 80 பேரை வைத்துச் செய்து 2008-இல் வெளியான ஆய்வில், மருந்தில் குணமானவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு ஒன்பது மாதத்தில் திரும்ப வந்தது. வயதானவர்கள், குடல்வால் எடுத்தவர்கள், அமிலம் குறைக்கும் மாத்திரையை நெடுநாள் போட்டவர்கள் அதில் அதிகம். காரணத்தைத் தேடாமல் ரிஃபாக்ஸிமின் அட்டையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, வயிற்றுப்போக்கு இரவில் தூக்கத்தைக் கலைத்தாலோ மூச்சுப் பரிசோதனைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்; முதலில் டாக்டரைப் பார்த்து எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்று கேளுங்கள்.