பொலிஸ் பதிவுத் துண்டு

இலங்கைப் பிறப்புச் சான்றிதழில், பெற்றோர் விவாகமானவர்களா என்று கேட்கும் ஒரு கட்டம் இருந்தது. கொழும்பு முகத்துவாரம் அளுத்மாவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த ஒரு பெண்பிள்ளையின் சான்றிதழில் அங்கே ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. அவள் உயர்தரம் முடிக்கும்வரை அந்தச் சொல்லால் ஒருவருக்கும் ஒரு தொந்தரவும் வரவில்லை.

தகப்பன் பொலிஸ் கொன்ஸ்டபிள். தொண்ணூறுகளின் நடுவில், கொழும்பில் குண்டுகள் வெடித்த காலத்தில், கடமையில் நின்றபோது இறந்தவர். பிள்ளை அப்போது தொட்டிலில். தமிழ்ப் பொலிஸ்காரன் என்றால் அன்றைக்குத் தோட்டத்துக்குள் ஒரு பார்வை, நிலையத்துக்குள் இன்னொரு பார்வை. இரண்டையும் தாங்கிக்கொண்டு வேலை பார்த்தவர் என்று அவர் மனைவி சொன்னார்.

உயர்தரத்துக்குப் பிறகு அவளுடைய படிப்புக் கட்டணத்துக்கு உதவி தேவைப்பட்டது. இலவசக் கல்வி உள்ள நாட்டில் கட்டணத்துக்கு ஏன் உதவி என்று கேட்கலாம். 1945இலிருந்து இலவசக் கல்விதான், அரச பல்கலைக்கழகத்தில் கட்டணம் கிடையாது, லலித் அத்துலத்முதலி 1981இல் கொண்டுவந்த மஹாபொல நிதியும் உண்டு. எல்லாம் உள்ளே போனவர்களுக்கு. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி மயிரிழையில் தவறியவள் தனியார் நிறுவனத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே ஒவ்வொரு தவணைக்கும் காசு. கடமையில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு தரும் ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார்கள். சட்டபூர்வமான பிள்ளை என்பதை நிரூபிக்கச் சொல்லி விண்ணப்பம் திரும்பி வந்தது.

“சேர், தாலி கட்டித்தான் வாழ்ந்தனாங்கள். பதிவுதான் இல்லை” என்று சட்டத்தரணியான என்னிடம் சொன்னார் தாய். சேவையில் உறுதிப்படுத்தப்படும்வரை பதிவுத் திருமணம் வேண்டாம் என்று கணவர் தள்ளிப்போட்டிருக்கிறார். கோயிலில் சடங்கு நடந்தது. நடத்திய ஐயர் இறந்துவிட்டார். பிரசவத்தின்போது யாரோ உறவினர் ‘பதிவு இல்லை’ என்று சொல்ல, எழுதியவர் ‘விவாகம் இல்லை’ என்று எழுதிவிட்டார். கணவர் உயிரோடு இருந்திருந்தால் பிறகாவது பதிவு செய்து, பிள்ளையின் பிறப்பையும் மீளப் பதிந்திருக்கலாம்.

சட்டம் இந்தக் குடும்பத்தின் பக்கம்தான் நின்றது. இலங்கையில் விவாகப் பதிவு நல்ல சான்று, ஆனால் அது இல்லையென்றால் விவாகமே இல்லை என்றாகாது. ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாகவே வாழ்ந்தார்கள் என்று காட்டினால், அவர்கள் முறைப்படி மணந்தவர்கள் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்பவர்தான் அதைத் தெளிவாக நிரூபிக்கவேண்டும். 1881இல் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன விதி இது. இந்திய நீதிமன்றங்கள் இன்றுவரை மேற்கோள் காட்டும் அந்த வழக்கு, அருணகிரி எதிர் வைகாலி, நம் நாட்டுத் தமிழரின் வழக்கு. அலுவலக யன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

சிக்கல் கணவரின் சேவைக் கோப்பில் இருந்தது. தன்னை மணமாகாதவர் என்று குறித்து, பணம் பெறவேண்டியவராகத் தன் தாயைப் பெயர் குறித்திருந்தார். இறப்புப் பணிக்கொடையை அந்தத் தாய்தான் வாங்கினார். அதாவது, என் கட்சிக்காரருக்கு எதிரான மிகப் பலமான சாட்சி அவருடைய கணவரின் கையெழுத்து. பிள்ளை சட்டபூர்வமானவள் ‘இல்லை’ என்று சொல்லக்கூடியவர் அதே தோட்டத்தில் இரண்டு வீடு தள்ளியிருந்த மாமியார்.

மாமியாரைப் பார்க்கப் போனேன். வாங்கிய காசைத் திருப்பிக் கட்டச் சொல்வார்களோ என்று பயந்தார். அந்தக் கேள்வி இந்த வழக்கில் எழாது, ஆனால் எப்போதும் எழாது என்று வாக்குத் தரமாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தம்பி, பேத்திக்குத்தானே” என்று உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியைக் கொண்டுவந்தார்.

அதற்குள் இருந்ததுதான் பொலிஸ் பதிவுத் துண்டு. யுத்த காலத்தில் கொழும்பில் வாழ்ந்த தமிழருக்கு விளக்கம் வேண்டாம். வீட்டில் இருப்போர் எல்லோர் பெயரையும், வயதையும், உறவுமுறையையும் எழுதிப் பொலிஸ் நிலையத்தில் முத்திரை வாங்கி வைத்திருக்கவேண்டியிருந்தது. இரவுச் சோதனையில் அதில் இல்லாத ஒருவர் வீட்டில் இருந்தால் ஜீப்பில் ஏறவேண்டியதுதான். 2007 ஜூன் 7இல் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப்போட, மறுநாளே உயர் நீதிமன்றம் தடைவிதித்தது. நம்மை நம்பாத ஓர் ஏற்பாட்டின் காகிதங்கள் அந்தப் பதிவுத் துண்டுகள். கிழித்தெறிந்தவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

இந்த வீட்டின் துண்டைச் சிங்களத்தில் நிரப்பியவர் கொன்ஸ்டபிளே. வீட்டில் சிங்களம் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வீட்டுத்தலைவி தாய். மகனாகத் தன் பெயர். அடுத்த வரியில் அந்தப் பெண்ணின் பெயர், எதிரே ‘பார்யாவ’, மனைவி. கீழே நிலையத்தின் வட்ட முத்திரை.

1895ஆம் ஆண்டின் சாட்சிக் கட்டளைச் சட்டத்தில் 32ஆம் பிரிவு, ஐந்தாம் உட்பிரிவு: இறந்துபோன ஒருவர், பிணக்கு எழுவதற்கு முன், விவாக உறவைப் பற்றிச் சொன்னது அல்லது எழுதியது சாட்சியாக ஏற்கப்படும். அந்தப் பிரிவை யாரோ இந்தக் குடும்பத்துக்கென்றே எழுதிவைத்ததுபோல் இருந்தது எனக்கு.

சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துப் புதுக்கடை மாவட்ட நீதிமன்றத்தில் விவாகம் செல்லுபடியானது என்ற வெளிப்படுத்தலைக் கோரி வழக்கிட்டோம். அரச சட்டத்தரணி இளம் பெண், நன்றாகத் தயாராகி வந்திருந்தார். மணமாகாதவர் என்று கோப்பில் எழுதியவர் துண்டில் மனைவி என்று எழுதினால் எது பொய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கோப்பில் உண்மையை எழுதினால் வேலைக்கு இடைஞ்சல் வரும் என்ற பயம் இருந்தது. துண்டில் பொய் எழுதினால் மனைவியே சோதனையில் பிடிபடுவாள். எந்த இடத்தில் பொய்க்குக் காரணம் இருந்தது என்று நீதிமன்றம் பார்க்கட்டும் என்றேன். வாக்காளர் இடாப்பும் கலியாணப் படமும் இருந்தன. ஆனாலும் மாமியார் கூண்டில் ஏறி, “நான்தான் கூறைச்சீலை எடுத்தது” என்று சொன்னபிறகு குறுக்கு விசாரணை சுருங்கிவிட்டது. தனக்கு நட்டம் வரக்கூடிய சாட்சியைச் சொன்னவரை எதைக் கேட்டு மடக்குவது?

இந்த உதவி சலுகைதான், உரிமையல்ல என்று அரச தரப்பு எழுத்திலும் வாதித்திருந்தது. அந்த வாதம் எனக்கு இன்றும் ஒட்டவில்லை. இந்தியாவில் 1971 யுத்தத்தில் இறந்த படையினரின் பிள்ளைகளுக்கு முழுக் கல்விச் செலவையும் ஏற்பதாக அந்த டிசம்பரிலேயே மக்களவையில் அறிவித்தார்கள். இங்கே வந்து இறந்த இந்திய அமைதிப்படையினரின் பிள்ளைகளுக்கு அது நீள 2003 ஆகிவிட்டது. 2017இல் மாதம் 10,000 ரூபா உச்சவரம்பு போட்டார்கள். கடற்படைத் தளபதியே எதிர்த்துக் கடிதம் எழுத, 2018 மார்ச்சில் அதை நீக்கினார்கள். சலுகை என்று பெயர் வைத்தால் ஒரு சுற்றறிக்கையால் தரலாம், இன்னொன்றால் வெட்டலாம்.

விவாகம் செல்லுபடியானது, பிள்ளை சட்டபூர்வமானவள் என்று தீர்ப்பு வந்தது. பிறப்புச் சான்றிதழ் திருத்தப்பட்டது. உதவியும் வந்தது, ஆனால் தீர்ப்புத் திகதியிலிருந்து மட்டும். அதற்கு முந்திய தவணைக் கட்டணங்களுக்குத் தாயின் காப்பு அடகில் இருந்தது. அந்தக் காசைக் கேட்டு மறுபடி எழுதினோம், மறுத்துவிட்டார்கள். மேலே போவோமா என்று கேட்டேன். “காணும் சேர், அவள் படிச்சு முடிக்கட்டும்” என்றார்.

பிறகு அதே தோட்டத்திலிருந்து இன்னொரு பெண் வந்தார். அவர் கணவர் இராணுவத்தில் இறந்தவர், கோயில் கலியாணம், பதிவு இல்லை. பொலிஸ் பதிவுத் துண்டு இருக்கிறதா என்று கேட்டேன். யுத்தம் முடிந்த கிழமையே எரித்துவிட்டாராம். அவருக்கு வாக்காளர் இடாப்பையும் அயலவர் சாட்சியையும் வைத்துத்தான் வழக்கை எழுதினேன்; அது இழுபட்டது, பிள்ளை படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனபிறகுதான் முடிந்தது.