உழைப்புக்கு விலை சொல்லப் பழகுவோம்



நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இன்று வீட்டிலேயே கணினி முன் அமர்ந்து கடைக்காரர்களுக்கு வேலை செய்து கொடுக்கிறார்கள். முகநூலில் எதை எழுதுவது, யாருக்காக எழுதுவது, தீபாவளிக்கு எத்தனை வாரம் முன்பே தொடங்குவது என்று திட்டம் வகுத்துத் தருவதும் ஒரு தொழிலாகிவிட்டது. ஆனால், கூலி கேட்கும்போது நாக்கு எழுவதில்லை.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, துணிக்கடை ஒன்றுக்கு நான்கு நாள் உழைத்து 200 வெள்ளி வாங்கினாள். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று தொழிற்சாலைக்கு மனுப்போடவும் துணிந்துவிட்டாள். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளிக்கு மேல். அவளுக்குக் கிடைத்ததோ 50 வெள்ளி!

மேலும், 1,700 வெள்ளி சம்பளக்காரருக்கு முதலாளி 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி, சேமநிதியில் கட்டுகிறார். இவளுக்குக் கட்ட ஆளில்லை. இணையம், மின்சாரம், கணினித் தேய்மானம் எல்லாவற்றுக்கும் 179 வெள்ளி வைத்தோம். ஆக மொத்தம் 2,100 வெள்ளி.

பால்மரம் வெட்டிய என் தாயாருக்கு, மழை பெய்தால் வெட்டு இல்லை, வருமானமும் இல்லை. இவளுக்கும் மழை நாள் உண்டு. வேலை தேடி அலையும் நாள், பாக்கி கேட்கும் நாள், காய்ச்சலில் படுக்கும் நாள். கூலி வரும் நாள் மாதம் 14 என்று கொண்டால், நாளுக்கு 150 வெள்ளி. துணிக்கடை வேலைக்கு 600 வெள்ளி கேட்டிருக்க வேண்டும்.

"அவ்வளவு கேட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களே, டீச்சர்?" என்றாள்.

"பணம் குறைவு என்றால் வேலையையும் குறைத்துக் கொடம்மா. மூன்று மாதத் திட்டம் கேட்டால் ஒரு மாதத்திற்குப் போட்டுக் கொடு. எத்தனை முறை திருத்தித் தருவாய் என்று முதலிலேயே எழுதிக் கொடு. பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கு" என்றேன்.

அடுத்த வேலைக்கு, மூன்று நாளுக்கென்று 450 வெள்ளி கேட்டாள். ஒருவர் மறுத்தார், இன்னொருவர் ஒப்புக்கொண்டார். மனு இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.

பெற்றோர்களே, "உட்கார்ந்து செய்கிற வேலைக்கு இவ்வளவு காசா?" என்று பிள்ளையைக் கேட்டுவிடாதீர்கள். கணக்குத் தாளை வாங்கிப் பாருங்கள். மழை நாளின் கணக்கு உங்களைவிட யாருக்குத் தெரியும்?