ஊவா மலைக்குப் போகும் சகோதரிக்கு



பாடசாலை விடுமுறை நெருங்கினால் நமது வீடுகளில் ஒரு பேச்சு எழும். “இந்த முறை பதுளைப் பக்கம் போய் வருவோமே!” பிள்ளைகள் துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் சொல்வார்கள். வாப்பா செலவைக் கணக்குப் பார்ப்பார். கணக்கு இடிக்கும்போது யாராவது ஒருவர், “வெலிமடையில் நம்ம மாமி வீடு இருக்கே, தங்குவதற்கு எதற்குக் காசு?” என்பார். அத்தோடு பிரச்சினை தீர்ந்துவிட்டதென்று எல்லோரும் நிம்மதியடைவார்கள்.

உண்மையில் அந்தப் பிரச்சினை மாமியின் அடுப்படிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆறு பேர் மூன்று நாள் வந்து தங்கினால் ஸுப்ஹுக்கு முன் எழுந்து வெந்நீர் வைப்பவர் யார்? தமது கட்டிலை விட்டுக்கொடுத்து, குளிர் இரவில் அடுப்படியில் பாய் போட்டுப் படுப்பவர் யார்? கோழிக் கறிக்காகக் கடையில் கடன் எழுதுபவர் யார்? நாம் ‘இலவசம்’ என்று சொல்லும் தங்குமிடத்துக்கு எங்கோ ஒரு பெண் விலை கொடுக்கிறாள். யாருக்கும் பாரமாகாமல், நம் கையிருப்புக்குள் ஊவாவில் எப்படித் தங்குவது, எதைச் சாப்பிடுவது என்பதையே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

தாவளம் போன பாதை

ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. இந்த மலைகளுக்கும் நமது சமூகத்துக்கும் உள்ள உறவு தேயிலைக்கும் முந்தியது. கண்டி மன்னர் காலத்தில் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென ‘மடிகே’ என்ற தனிப் பிரிவு இருந்தது. அதில் முஸ்லிம்கள் பலர் பணியாற்றினார்கள். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மாட்டு முதுகில் மலையேறின. பாக்கும் மலைநாட்டு விளைபொருளும் கீழே இறங்கின. இந்தப் பொதிமாட்டுக் கூட்டத்துக்குத் ‘தாவளம்’ என்று பெயர். வழிப்போக்கர் இளைப்பாறச் சிங்கள மக்கள் பாதையோரம் அம்பலங்கள் கட்டி வைத்தார்கள். ஹாலிஎலவுக்கு அப்பால் போகொட என்ற இடத்தில் கூரை வேய்ந்த பழைய மரப்பாலம் ஒன்றை இன்றும் காணலாம். பதுளையையும் கண்டியையும் இணைத்த பழம் பாதையில் அமைந்தது அது.

தாவளக்காரர் தமது அரிசியையும் சட்டியையும் தாமே சுமந்து சென்றார்கள். எந்த ஊரின் அடுப்பையும் நம்பிப் பயணம் போகவில்லை. இந்த வழக்கம் நமக்கு நல்ல பாடம்.

காலமும் வழியும்

கொழும்புக் கோட்டையிலிருந்து வரும் மலைநாட்டு ரயில் பாதை 1924இல் பதுளையை எட்டியது. சுமார் 290 கிலோமீற்றர் தூரம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடக்கிறது. தெமோதரையில் பாதை வட்டமாகச் சுற்றித் தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் போகிறது. ஒதுக்கிய ஆசனங்கள் முன்பதிவு திறந்த கையோடு முடிந்துவிடும். முந்திக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் வந்த ‘டித்வா’ புயலில் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பெரிதும் பாதிக்கப்பட்டது. மலைநாட்டு ரயில் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தது. எனவே ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்த பின்பே பயணத்தைத் தீர்மானியுங்கள். கிழக்கிலிருந்து வருவோருக்குச் செங்கலடி, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு வரும் நெடுஞ்சாலை உண்டு.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை ஊவாவில் மழைக்காலம். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. அந்த மாதங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைக் கவனிக்காமல் பிள்ளைகளோடு மலையேற வேண்டாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி வாசனை தருவது அந்தக் காற்றுத்தான். பயணத்துக்கும் அது ஏற்ற காலம்.

அறை தேடும்போது

எல்லவில் வெளிநாட்டார் கூடுவதால் வாடகையும் சாப்பாட்டு விலையும் அவர்கள் சட்டைப்பைக்கு ஏற்ப இருக்கும். பதுளை நகரமோ வேலையாக வருவோரின் ஊர். கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் வருவோர், பெரியாஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வருவோர், 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்க வருவோர் என்று பலரும் ஓரிரவு தங்கிப் போகிறார்கள். அவர்களுக்கான எளிய அறைகள் நகரில் உண்டு. பதுளையில் தங்கி, பகலில் பஸ்ஸில் எல்லவுக்கும் பண்டாரவளைக்கும் போய் வருவதே சிக்கனம். துன்ஹிந்தை நகரிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர்தான். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிய பின் கரடுமுரடான பாதையில் நடக்க வேண்டும். வயதானவர்களை யோசித்து அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டில் அரசாங்க உத்தியோகத்தர் யாராவது இருந்தால் அவரது திணைக்களத்துக்கு மலைநாட்டில் ‘சர்க்கிட் பங்களா’ இருக்கிறதா என்று கேளுங்கள். முன்கூட்டியே விண்ணப்பித்தால் குறைந்த கட்டணத்தில் முழுக் குடும்பமும் தங்கலாம். பலவற்றில் சமைக்கவும் வசதி உண்டு. வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடும் குடும்பங்களும் இருக்கின்றன. பெண்பிள்ளைகளோடு போவோருக்கு வீட்டுக்காரப் பெண்மணி இருக்கும் இடம் மனதுக்கு நிம்மதி தரும்.

முன்பணம் கொடுக்குமுன் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். வாடகை அறைக்கா, ஆளுக்கா? சேவைக் கட்டணம் தனியா? வெந்நீர் உண்டா? அதே கட்டடத்தில் மதுச்சாலை நடக்கிறதா? கதவின் தாழ்ப்பாள் உள்ளிருந்து சரியாக விழுகிறதா? கட்டடத்துக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு நிற்கிறதா? கடைசிக் கேள்வியை மழைக்காலத்தில் மறக்கவே கூடாது. பதுளை நகரம் சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருப்பதால் குளிர் அளவோடு இருக்கும். ஹப்புத்தளை 1,400 மீற்றரைத் தாண்டியது. அங்கே தங்குவதாயின் கைக்குழந்தைக்குக் கம்பளிப் போர்வை அவசியம்.

தொழுகையையும் திட்டமிடுங்கள். பெண்களுக்கு இடவசதி எல்லாப் பள்ளிவாசல்களிலும் இருப்பதில்லை. ஆண்கள் முன்னே போய்க் கேட்டுவரட்டும். அறையில் தொழுவதானால் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசை. மலைகளுக்கிடையே சூரியனைக் கொண்டு திசை பார்ப்பது கடினம், உள்ளூர்வாசியிடம் கேளுங்கள். பயண தூரம் நிறைந்திருந்தால் கஸ்ரும் ஜம்உவும் செய்யலாம். ஷாபிஈ மத்ஹபின்படி, வரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நிய்யத் வைத்தால் அந்தச் சலுகை இல்லை.

என்ன சாப்பிடுவது?

பதுளை, பண்டாரவளை, வெலிமடை நகரங்களில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. பகல் சோற்றுப் பார்சல் ஒன்றைச் சிறு பிள்ளைகள் இருவர் பகிர்ந்துகொள்ளலாம். நமது கடை இல்லாத இடத்தில் தமிழ்ச் சகோதரர்களின் சைவக் கடையில் தோசையும் வடையும் சூடாகக் கிடைக்கும். ஹலால் என்று தெளிவாகத் தெரியாத இடத்தில் இறைச்சியைத் தவிர்ப்பதோடு, பொரிக்கும் எண்ணெயையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஊருக்குப் போயும் கொத்து ரொட்டியும் சோடாவுமே என்றால், அந்த ஊரை ருசித்ததாகாது. வெலிமடைப் பக்கம் மரக்கறியும் உருளைக் கிழங்கும் விளையும் பூமி. தாழ்நிலமான வெல்லஸ்ஸப் பக்கம் குரக்கனும் சோளமும் விளைகின்றன. பிபிலைத் தோடம்பழம் பெயர் பெற்றது. முட்டியில் உறையவிட்ட எருமைத் தயிரும் கித்துள் பாணியும் வாங்கினால் ஒரு குடும்பத்தின் காலை உணவே முடிந்துவிடும். இவற்றைச் சந்தையிலும் பாதையோரத்திலும் விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பெரிய ஹோட்டலில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, சோளம் அவித்து விற்கும் தாயிடம் பத்து ரூபாவுக்குப் பேரம் பேசுவது நமக்கு அழகல்ல.

தோட்டத்து உணவு ரொட்டியும் சம்பலும். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, தடிப்பாகத் தட்டிச் சுடுவார்கள். காய்ந்த மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பல் அதற்குத் துணை. காலையில் பெரட்டுக்களத்துக்குப் போகும் பெண் இதைக் கட்டிக்கொண்டு போய், மலையில் நின்றபடி சாயத்தண்ணியோடு சாப்பிடுவாள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மாவின் விலை பலமடங்கு ஏறியபோது இந்த ரொட்டியே பல வீடுகளில் சிறுத்துப்போனது.

தோட்டத்தில் கால் வைக்கும்போது

ஹப்புத்தளைக்கு அருகே, தாமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய டம்பேதென்ன தோட்டத்துக்குப் பலரும் போகிறார்கள். பனி மூடுமுன் காலையிலேயே ‘லிப்டன் சீட்’ முனைக்கு ஏறினால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைதான். அந்தப் பச்சைக்கு இடையில் வரிசையாகத் தெரியும் தகரக் கூரைகளையும் பாருங்கள். அவையே லயங்கள். ஒரு காம்பரா, ஒரு சிறு திண்ணை, ஓர் அடுப்படி. அதற்குள் ஒரு முழுக் குடும்பம்.

இந்த மக்களின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. நிறுவைக்கு வேண்டிய கொழுந்து குறைந்தால் இன்றும் முழுப் ‘பேரு’ விழாது. அன்றைய கூலி குறையும்.

எனவே, சகோதரிகளே, கொழுந்து பறிப்பவரை வேலை நடுவே நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். நாம் எடுத்துக்கொள்ளும் ஐந்து நிமிடம் அவரது கூடையிலிருந்து போகிறது. லயத்துக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். பிறர் வீட்டில் அனுமதியும் ஸலாமும் இன்றி நுழையாதே என்று நமக்கு மார்க்கம் கற்பித்தது மாளிகைக்கு மட்டுமல்ல. அவர்களாக அழைத்துத் தேத்தண்ணி தந்தால், திண்ணையில் அமர்ந்து மகிழ்ச்சியோடு குடியுங்கள். பிள்ளைகளுக்கு இனிப்பை அள்ளி வீசாமல், வீட்டுப் பெண்ணின் கையில் சீனியோ பால்மாவோ ஒரு பொதி கொடுத்து வாருங்கள்.

மாமி வீட்டுக்கு எப்போது?

உறவினரைச் சேர்ந்து வாழ்வது நம் கடமை. வெலிமடை மாமியைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. விருந்தாளியின் உரிமை மூன்று நாள் என்றும், வீட்டாரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவுக்குத் தங்குவது ஆகாது என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். முதல் பாதியை நாம் நன்றாக மனனம் செய்திருக்கிறோம். இரண்டாம் பாதி அவ்வளவாக நினைவில் நிற்பதில்லை.

அறையை வேறிடத்தில் எடுத்துக்கொண்டு, முன்னறிவித்துவிட்டு, ஒரு பகல் மட்டும் போங்கள். போகும் வழியில் அரிசியோ மீனோ பழமோ வாங்கிக்கொள்ளுங்கள். சமையலில் கை கொடுங்கள். ஆண்பிள்ளைகள் தட்டுக் கழுவட்டும். அஸருக்குப் பின் எழுந்து புறப்படும்போது மாமி வாசல் வரை வந்து, “இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போங்களேன்” என்று மனதாரச் சொல்வார். மூன்றாம் நாள் இரவில் தங்கியிருப்பவரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அல்லாஹ் உங்கள் பயணத்தை இலேசாக்கி வைப்பானாக. உங்களை வரவேற்கும் அடுப்படிகளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.