ஏ-40ம் ஒரு பி.காமும்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் சந்துக்குக் காலை ஒன்பது மணிக்கு மூன்று சத்தம் உண்டு. ரயில், கறிகாய் பேரம், முனைப் பட்டறையில் ரம்ப மெஷின். அன்றைக்கு மூன்றாவதைக் காணோம். எட்டிப் பார்த்தேன். ஆசாரி டீ கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருந்தார். காலடியில் செத்த சாரைப்பாம்பு மாதிரி அறுந்த பெல்ட்.

"பூட்ச்சு சார். வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். பூஜை ரூம் கதவு குடுக்கணும். அட்வான்ஸை வாங்கி பொண்ணுக்கு ஃபீஸ் கட்டிட்டேன். பையன் வேற ஊருக்குப் போயிட்டான்."

"விடுங்கண்ணே, நான் வாங்கிட்டு வரேன்" என்றேன். பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

பெல்ட்டில் நம்பர் அழிந்திருந்தது. மனைவியின் தையல் டேப்பை எடுத்து முதுகுப்பக்கமாக அளந்தேன். 42 அங்குலம். அகலம் அரை அங்குலம். துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டேன். அந்த அழுக்குப் பெல்ட்டை யார் பையில் போட்டுக்கொள்வது?

முதலில் லேக் வியூ ரோடு. பெயரைப் பார்த்து ஏரியைத் தேடாதீர்கள். 1920களிலேயே அதைத் தூர்த்து தி. நகர் போட்டாகிவிட்டது. கொசு மட்டும் காலி செய்ய மறுத்து இந்தப் பக்கமே தங்கிவிட்டது. ஆரிய கவுடா ரோடு வரை நாலு ஹார்டுவேர் கடை ஏறி இறங்கினேன். கிரைண்டர் பெல்ட் இருக்கிறது, வாஷிங் மெஷின் பெல்ட் இருக்கிறது. ரம்பத்துக்கு? "பாரிஸ் போங்க சார்!"

மாம்பலத்திலிருந்து ஏழாவது ஸ்டேஷன் பீச். இறங்கி லிங்கிச் செட்டித் தெரு. கடைக்குள் கூரை முழுக்கக் கறுப்பு மாலைகளாக பெல்ட்கள். பெரியவர் ஒருவர் சீட்டைப் பார்த்தார்.

"42ங்கறது நம்பரா, அளவா தம்பி?"

"ரெண்டும் ஒண்ணுதானே!" என்றேன், பி.காம். படித்த தெம்பில். ஏ-42 கொடுத்துவிட்டார்.

ஆசாரி மாட்டினார். இறுக்குவதற்காக மோட்டாரைப் பின்னால் தள்ளினார், தள்ளினார், போல்ட் காடியின் கடைசிக்கே வந்துவிட்டது. பெல்ட் இன்னும் தொளதொள. ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் சுற்றுகிறது. மரத்தில் பட்டதும் ரம்பம் நின்றுவிடுகிறது. ரப்பர் தீய்ந்த நாற்றம். ஒரு நாள் போச்சு.

"பரவால்ல சார்" என்றார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் பழைய பெல்ட்டோடு போனேன். பெரியவர் சிரிக்கவில்லை. பழசின் உள்பக்கம் டேப்பை ஓட்டினார். 40.

"நம்பர்ங்கறது உள்சுற்று தம்பி, அங்குலத்துல. ஏ பெல்ட்டுல வெளிச்சுற்று ரெண்டு அங்குலம் கூட வரும். அரை அங்குல வித்தியாசம்னா மோட்டாரை நகர்த்திச் சரிக்கட்டிடலாம். ரெண்டுக்கு முடியாது."

அகலத்தையும் அளந்தார். மேல்பக்கம் 13 மில்லிமீட்டர் என்றால் ஏ. 17 என்றால் பி. பி புல்லிக்கு ஏ பெல்ட் போட்டால் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். இந்த பெல்ட் இழுப்பதே இரண்டு பக்கச் சுவரையும் ஆப்பு மாதிரி கவ்வித்தான். அடி தட்டினால் பிடிமானம் போச்சு, வழுக்கும். 1917-ல் அமெரிக்காவில் டென்வர் நகரத்து ஜான் கேட்ஸ், அதுவரை இருந்த கயிறுக்குப் பதிலாக ரப்பரும் நூலும் சேர்த்துச் செய்த சமாசாரம். மூன்று வருஷம் பாலன்ஸ் ஷீட் போட்டுப் படித்தேன். உள்பக்கம், வெளிப்பக்கம் யாரும் சொல்லித் தரவில்லை.

"பழைய 42ஐத் திருப்பி எடுத்துக்குவீங்களா?"

"ஓடின பெல்ட்டா?" என்று மட்டும் கேட்டார். ஏ-40க்கு என் பர்ஸிலிருந்தே கொடுத்தேன்.

வியாழக்கிழமை ராத்திரி பதினொரு மணி தாண்டியும் ரம்பம் அலறியது. எதிர்வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்து கத்தினார். என் மனைவியும் ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "இந்த நேரத்துல யாருங்க மரம் அறுக்கறது? போய்க் கேளுங்களேன்!" என்றாள்.

நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். ஏ-42 மொட்டை மாடி ஆணியில் தொங்குகிறது. யாருக்காவது வேண்டுமா? உள்சுற்று 42, சத்தியமாக.