உயிர் பெறாத கணினி

சென்ற மாதம் சந்தாபுராவிலுள்ள எங்கள் இல்லத்திற்குக் கணினி ஒன்று வந்தது. உறுப்பு உறுப்பாக வந்தது என்பதே பொருந்தும். பொறியியல் பயிலும் என் மகளும் நானும் பேருந்தேறிச் சென்று, பெங்களூர் எஸ். பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியவற்றை, அவள் இரவெல்லாம் அமர்ந்து பூட்டினாள். விசையை அழுத்தியதும் விசிறிகள் சுழன்றன. திரையோ இருண்டே கிடந்தது.

ஈராண்டுச் சேமிப்பு அது! "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்; நாளையே போய்க் கேட்கிறேன்" என்று கொதித்தேன். (பிற மாநிலத்தில் வாழ்பவனுக்கு இந்த ஐயம் சற்று விரைந்தே எழுகிறது.)

"கொஞ்சம் பொறுங்கள், அப்பா" என்றாள். மின்தொடர்பைத் துண்டித்து, ராம் அட்டைகளைக் கழற்றி, ஒன்றை மட்டும் 'கிளிக்' என்ற ஓசை எழும்வரை அழுத்திப் பொருத்தினாள். பயனில்லை. பிறகு என்னை விளக்கைப் பிடிக்கச் சொன்னாள். மதர்போர்டில் 24 முனை இணைப்பு சரியாகவே இருந்தது. பிராசசருக்கெனத் தனியே செல்லவேண்டிய 8 முனை இணைப்போ, பெட்டியின் பின்புறம் செருகப்படாமலே தொங்கிற்று. விசிறிகள் சுழல முன்னது போதுமாம். பிராசசருக்கு இதுவும் வேண்டுமாம்.

செருகினாள். திரையில் எழுத்துகள் தோன்றின. கடைக்காரரிடம் கேட்பதற்காக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கன்னடச் சொற்களை மெல்ல விழுங்கினேன்.